சிறுவயதில் கடை விரித்தவர்கள்: முதல் சரக்கை யார் கொடுத்தார்?

பேரேடு (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். சிறுவயதிலேயே வணிகம் தொடங்கிப் பெருஞ்செல்வர் ஆனவர்களைப் பற்றிய செய்திகள் பெற்றோர் குழுக்களில் ஓயாமல் வலம் வருகின்றன. ஆறு வயதில் விற்றார், பதினொன்றில் பங்கு வாங்கினார், பதினேழில் நிறுவனம் தொடங்கினார் என்று வயதை மட்டும் முன்னிறுத்தும் அச்செய்திகளில், நான் முக்கியமாகக் கருதும் இரண்டு விவரங்கள் விடுபட்டுப் போகின்றன. அந்தக் குழந்தைக்கு முதல் சரக்கு எங்கிருந்து வந்தது, அதற்கு அக்குழந்தை என்ன விலை கொடுத்தது என்பவையே அவை.

பங்கு முதலீட்டில் பெருஞ்செல்வரான வாரன் பஃபெட்டை எடுத்துக்கொள்வோம். 1930இல் அமெரிக்காவின் ஒமாஹா நகரில் பிறந்த அவர், 1936இல் தம் குடும்ப மளிகைக் கடையிலிருந்து கோகோ கோலா புட்டிகளை ஆறு 25 சென்ட் என்ற கணக்கில் வாங்கி, அக்கம்பக்கத்தில் புட்டி ஒன்று 5 சென்ட் வீதம் விற்றார். ஆறு புட்டிகள் விற்றால் 30 சென்ட் கைக்கு வரும். 5 சென்ட் மிஞ்சும். பேரன்தானே என்று கடைக்காரத் தாத்தா சும்மா எடுத்துக்கொடுத்துவிடவில்லை. விலை வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். அதனால்தான் கொள்முதல், விற்பனை, லாபம் என்ற மூன்றையும் அச்சிறுவன் ஆறு வயதில் தன் சொந்தச் சில்லறையிலேயே பார்க்க நேர்ந்தது. கோகோ கோலா நிறுவனத்தின் பங்குகளைத் தாம் வாங்கத் தொடங்கியது 1988இல்தான் என்றும், கண்ணெதிரே இருந்ததை உணர அரை நூற்றாண்டு பிடித்தது என்றும் பின்னர்த் தம் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் அவரே கூறியிருக்கிறார்.

சுவீடனில் 1926இல் பிறந்த, ஐகியா என்ற அறைக்கலன் நிறுவனத்தின் நிறுவனர் இங்வர் கம்ப்ராடின் கதையும் இதே வகைதான். ஐந்து வயதில் அவர் விற்ற தீப்பெட்டிகளை உறவுக்காரப் பெண்மணி ஒருவர் ஸ்டாக்ஹோமில் மொத்தமாக வாங்கிக் கொடுத்தார். நூறு பெட்டிகளின் விலை 88 ஓரே (சுவீடனின் சில்லறைக் காசு). அதாவது பெட்டி ஒன்றுக்கு ஒரு ஓரேகூட ஆகவில்லை. ஊரில் அவற்றை இரண்டு, மூன்று ஓரேவுக்கு விற்றார். அந்தப் பெண்மணி அனுப்பும் செலவைக்கூட அவரிடம் வாங்கிக்கொள்ளவில்லை. மொத்தமாக, மலிவாக வாங்கினால் சில்லறையில் நியாயமான விலைக்கு விற்றும் லாபம் பார்க்கலாம் என்ற அந்தப் பாடத்தைத்தான், 1943இல் பதினேழு வயதில் ஐகியாவைத் தொடங்கியபோதும் 1948இல் அறைக்கலன் விற்பனையில் இறங்கியபோதும் அவர் விடாமல் பின்பற்றினார்.

ஆகவே என் கருத்து இதுதான். வயது இங்கே பெரிய செய்தி அன்று. மொத்த விலைக்குச் சரக்கு கொடுத்துவிட்டு, விற்பனையில் தலையிடாமல் ஒதுங்கி நின்ற பெரியவர் ஒருவர் இவ்விரு கதைகளிலும் இருக்கிறார். அவரைப் பற்றிப் பேசாமல் குழந்தையை மட்டும் புகழ்வதால் பெற்றோருக்கு ஒரு பயனும் இல்லை. உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

கேள்விக்குறி

பேரேடு அவர்களே, நீங்கள் சொல்லும் பெரியவரை நானும் பார்க்கிறேன். ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு கடையும் இருக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். பஃபெட்டின் தாத்தாவுக்கு மளிகைக் கடை இருந்தது. தந்தை ஹோவர்ட் பங்குத் தரகர். 1942 தேர்தலில் வென்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் போனவர். பதினொரு வயதுப் பையன் பங்கு வாங்க நினைத்தால், அதை எங்கே, எப்படி வாங்குவது என்று சொல்லித்தர வீட்டிலேயே ஆள் இருந்தது. அதே காலத்தில் அமெரிக்க நகரங்களில் ஆயிரக்கணக்கான சிறுவர்கள் விடியற்காலையில் பத்திரிகை போட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வளர்ந்து சாதாரண வேலைகளுக்குத்தான் போனார்கள். வென்றவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து, அவர்கள் எல்லோரும் சிறுவயதில் எதையோ விற்றார்கள் என்று காட்டுவதில் ஆதாரம் எதுவும் இல்லை. விற்றும் வெல்லாதவர்களின் கதையை எழுத யாரும் வருவதில்லை. இதைச் சொல்லாமல் விட்டால், வசதியற்ற வீட்டுப் பெற்றோர் தம் பிள்ளையிடம்தான் ஏதோ குறை என்று எண்ணிவிடுவார்கள்.

பேரேடு

உங்கள் மறுப்பில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். சிறுவயது வணிகம் செல்வத்துக்குக் காரணம் என்று நான் வாதிடவில்லை. அப்படி வாதிடவும் முடியாது. ஆனால் வீட்டில் கடை இருந்தால்தான் இது நடக்கும் என்பதை ஏற்க முடியவில்லை. தாமஸ் எடிசனைப் பாருங்கள்.

1859இல், பன்னிரண்டு வயதில், போர்ட் ஹியூரனுக்கும் டெட்ராய்ட்டுக்கும் இடையே ஓடிய கிராண்ட் டிரங்க் ரயிலில் அவர் பத்திரிகையும் தின்பண்டமும் விற்கத் தொடங்கினார். 1862 ஏப்ரலில் ஷைலோ என்ற இடத்தில் உள்நாட்டுப் போரின் பெரும் சண்டை ஒன்று நடந்து, கடுமையான உயிர்ச்சேதம் என்ற செய்தி டெட்ராய்ட்டுக்கு வந்தது. பத்திரிகை அலுவலக வாசலில் கூட்டம் முண்டியடிப்பதைப் பார்த்த எடிசனுக்கு அப்போது வயது பதினைந்து. அவர் முதலில் பத்திரிகை வாங்க ஓடவில்லை. ரயில் நிலையத் தந்தியாளரிடம் போனார். வழியிலுள்ள நிலையங்களுக்கெல்லாம் சண்டைச் செய்தியைச் சுருக்கமாகத் தந்தியில் அனுப்பச் சொல்லி, ரயில் நேரம் எழுதும் கரும்பலகைகளில் அதை எழுதிவைக்க ஏற்பாடு செய்தார். கைம்மாறாகத் தந்தியாளருக்குச் சில மாதங்களுக்கு இதழ்களை இலவசமாகத் தருவதாகச் சொன்னார். அதன் பிறகே பத்திரிகை அலுவலகத்துக்குப் போய், கையிலிருந்த காசுக்கு வாங்கக்கூடியதைவிடப் பல மடங்கு பிரதிகளை ஆசிரியரிடம் கடனாகக் கேட்டு வாங்கினார். வழக்கமாக ஓரிரு பிரதிகள் மட்டும் விற்கும் சிறு நிலையங்களில்கூட அன்று கூட்டம் காத்து நின்றது. 5 சென்ட் பத்திரிகை போகப்போக 10 சென்ட் ஆனது; ஊர் போய்ச் சேர்ந்தபோது 25 சென்டுக்கு விற்றது.

இங்கே சரக்கைக் கொடுத்தவர் சொந்தக்காரர் இல்லை. அவருக்கு அந்தப் பையன்மீது நம்பிக்கை இருந்தது, அல்லது அன்றைய தேவை இருந்தது. எதுவாயினும், கடன் கொடுக்கும் ஒரு பெரியவர் இந்தக் கதையிலும் இருக்கிறார். அவர் குடும்பத்துக்கு வெளியிலும் கிடைக்கலாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

வகுப்பறை

நான் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். இந்த விவாதத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்தாவிட்டால் ஆபத்து என்பதால் எழுதுகிறேன். குழந்தை செய்யும் வணிகமும் குழந்தை உழைப்பும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றலாம்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியிலேயே, ஏறத்தாழ ஒரே காலத்தில், இரண்டு சிறுவர்கள் இருந்தார்கள். 1848இல் ஸ்காட்லாந்திலிருந்து குடும்பத்தோடு வந்த ஆண்ட்ரூ கார்னகி, பதின்மூன்று வயதில் பஞ்சாலையில் நூல்கண்டு மாற்றும் வேலைக்குப் போனார். வாரக் கூலி 1 டாலர் 20 சென்ட். நாள் முழுவதும், இருட்டும்வரை வேலை. 1844இல் பிறந்த ஹென்றி ஹைன்ஸ் அருகிலுள்ள ஷார்ப்ஸ்பர்கில் வளர்ந்துகொண்டிருந்தார். அவர் தாயின் தோட்டத்தில் விளைந்த காய்கறிகளைக் கூடையில் வைத்து வீடுவீடாக விற்றார். பன்னிரண்டு வயதுக்குள் அவர் பொறுப்பில் மூன்றரை ஏக்கர் தோட்டமும் குதிரை வண்டியும் இருந்தன. பின்னாளில் குதிரைமுள்ளங்கி என்ற காரமான வேரை அரைத்து விற்றபோது, கலப்படம் இல்லை என்பதை வாங்குபவர் கண்ணாலேயே பார்க்கும்படி தெளிந்த கண்ணாடிப் புட்டிகளில் அடைத்தார். இருவருமே பெருஞ்செல்வர் ஆனார்கள். அதற்காகப் பஞ்சாலையில் போன கார்னகியின் பிள்ளைப் பருவத்தை யாரும் முன்மாதிரியாகக் காட்டக் கூடாது. ஹைன்ஸ் விலையைத் தாமே வைத்தார். என்ன பயிரிடுவது, யாரிடம் விற்பது என்பதையும் அவரே முடிவு செய்தார். கார்னகியின் நேரத்துக்கோ ஆலைக்காரர்தான் முதலாளி.

நம் நாட்டுச் சட்டமும் இதைக் கவனத்தில் கொண்டிருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்தின்படி 14 வயது நிறையாத குழந்தையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக, அல்லது விடுமுறையில், உதவலாம். பள்ளி கெடக் கூடாது என்பதே அதன் அடிப்படை. பஃபெட் பத்திரிகை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் மதிப்பெண் சரிந்தபோது, பத்திரிகை போடுவதையே நிறுத்திவிடுவேன் என்று தந்தை எச்சரித்ததாகப் படித்திருக்கிறேன். இந்தப் பகுதியையும் பெற்றோர் குழுக்களில் பகிர வேண்டும் என்பது என் ஆசை.

எங்கள் பள்ளிச் சந்தையில் நான் கண்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான மேசைகளில் அம்மாக்கள் சுட்ட முறுக்கும் அப்பாக்கள் வாங்கி வந்த பொம்மைகளும் இருந்தன. பிள்ளைகள் காசை வாங்கிப் போட்டார்களே தவிர, எவ்வளவு செலவு, எவ்வளவு வரவு என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் ஒரு படி நெல்லிக்காய், உப்பு, மிளகாய்த்தூள், கிழித்த நோட்டுத்தாள் பொட்டலம் என்று எல்லாவற்றையும் தானே கொண்டுவந்திருந்தான். பொட்டலத்துக்கு எட்டுக் காய் வைத்தவன், முதல் இடைவேளைக்குப் பிறகு ஆறாகக் குறைத்தான். ஏன் என்று கேட்டேன். அழுகிய காய்களைக் கழித்த பிறகு எட்டு வைத்தால் கட்டுப்படியாகாது என்றான். அன்று அந்தச் சந்தையில் வணிகம் கற்றவன் அவன் ஒருவன்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

செட்டிநாட்டார்

ஆசிரியை அம்மா சொன்ன வேறுபாட்டோடு இன்னொரு வகையையும் சேர்க்க வேண்டும். எங்கள் பக்கத்து நகரத்தார் வீடுகளிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன பையன்கள் கூலியாட்களும் அல்லர், சொந்தமாகத் தொழில் நடத்தியவர்களும் அல்லர். அங்குள்ள வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, முதலில் எடுபிடி வேலை செய்து, பிறகு பேரேடு எழுதக் கற்று, அடுத்தாள், மேலாள் என்று படிப்படியாக ஏறுவார்கள். ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே 320இல் ஒரு பங்கான முந்திரி முதற்கொண்டு கீழ்வாய் இலக்கம் என்னும் பின்ன வாய்ப்பாடு மனப்பாடமாக இருக்கும். ரங்கூனில் நகரத்தார் கூடி முடிவு செய்யும் நடப்பு வட்டிக்கு, நாளும் தேதியும் போட்டுக் கணக்குப் பார்க்கும் திறமை இருபது வயதுக்குள் வந்துவிடும். முதலாளியின் பணத்தில் கற்று, பிறகு சொந்த முதலில் இறங்குவது அந்த முறை. தனியாகக் கடை விரித்த பிள்ளைகளைப் பற்றி உலகம் பேசுகிறது. இப்படி வரிசையாகப் பழகி வந்தவர்களை யாரும் பேசுவதில்லை. அந்த முறையில் வீட்டைப் பிரிந்த சிறுவர்கள் பட்ட துயரமும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

கேள்விக்குறி

செட்டிநாட்டார் அண்ணன் சொன்னது என் கேள்விக்கு ஓரளவு பதிலாகிறது. அங்கே சமூகமே அந்தப் பெரியவராக இருந்திருக்கிறது. அந்தச் சமூகத்துக்கு வெளியே பிறந்தவனுக்கு யார் என்பதுதான் இன்னும் மிச்சமிருக்கும் கேள்வி. எடிசனுக்குப் பத்திரிகை ஆசிரியர் கிடைத்தார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படி ஒருவர் கிடைப்பதைத் தற்செயலுக்கு விட்டுவிடக் கூடாது. ஆசிரியை அம்மாவின் பள்ளிச் சந்தை போன்ற இடங்களில், வீட்டிலிருந்து பண்டம் கொண்டுவர முடியாத பிள்ளைக்குச் சிறு தொகையைப் பள்ளியே கடனாகக் கொடுத்து, விற்ற பிறகு திருப்பி வாங்கிக்கொள்ளும் வழக்கம் வந்தால், என் மறுப்பில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

வகுப்பறை

நல்ல யோசனை. அடுத்த சந்தைக்கு முன் தலைமையாசிரியரிடம் இதை எழுத்து மூலமாகவே வைக்கிறேன். பெற்றோர் சமைத்துக் கொடுத்த பண்டங்களை அனுமதிப்பதில்லை என்ற விதியையும் சேர்க்கக் கேட்பேன்.

மகளின் தந்தை

இந்த இழையைச் சில நாட்களாகப் படித்து வருகிறேன். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. குரோஷாப் பின்னலில் சாவிக்கொத்தும் சிறு பைகளும் செய்கிறாள். எங்கள் குடியிருப்பில் நவராத்திரிச் சமயத்தில் விற்றாள். இப்போது வெளியிலிருந்தும் கேட்கிறார்கள். அவள் பெயரிலேயே நிறுவனம் தொடங்கி, சமூக வலைத்தளத்தில் பக்கம் வைத்துப் பெரிதாக்கலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். சட்டப்படி இது முடியுமா, முடிந்தாலும் செய்யலாமா என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தணிக்கையர்

வணக்கம் ஐயா. பட்டயக் கணக்கர் என்ற முறையில் சட்டப் பகுதியை மட்டும் சொல்கிறேன்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 11ஆம் பிரிவின்படி 18 வயது நிறையாதவருக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதி இல்லை. அப்படிச் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903இல் மோகரி பீபி வழக்கில், அன்று இந்திய வழக்குகளுக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் வயது நிறையாத ஒருவர் தம் சொத்தை ஈடு வைத்துக் கடன் வாங்கியிருந்தார். ஈடே செல்லாமல் போனதில் இழப்பு கடன் கொடுத்தவருக்குத்தான். அதனால்தான் சிறுவர்களோடு நேரடியாக ஒப்பந்தம் செய்ய எந்த வணிகரும் தயங்குவார். நிறுவன இயக்குநராகவும் அவர்களால் ஆக முடியாது. பெங்களூரைச் சேர்ந்த சுஹாஸ் கோபிநாத் 2000ஆம் ஆண்டில் பதினான்கு வயதில் தம் இணையதள நிறுவனத்தைத் தொடங்கியபோது, இந்தத் தடையால்தான் அதை அமெரிக்காவில் பதிவு செய்தார். கூட்டாண்மைச் சட்டம் 1932இன் 30ஆம் பிரிவு, மற்றக் கூட்டாளிகள் அனைவரும் சம்மதித்தால் சிறாரை லாபத்தில் பங்கு பெற மட்டும் சேர்த்துக்கொள்ள இடம் தருகிறது. அதுவும் உங்களுக்குத் தேவைப்படாது.

வரியைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தி உண்டு. சிறாரின் வருமானம் பொதுவாகப் பெற்றோர் வருமானத்தோடு சேர்க்கப்படும். ஆனால் குழந்தை தன் கைவேலையாலோ திறமையாலோ ஈட்டியது அப்படிச் சேராது. உங்கள் மகளின் பின்னல் வேலை இந்த விலக்கில்தான் வரும். ஆகவே நூல் வாங்கிய ரசீது, விற்ற தேதி, தொகை ஆகியவற்றை ஒரு நோட்டில் அவளே எழுதி வரட்டும். அது வெறும் பயிற்சி அன்று, நாளை யாராவது கேட்டால் காட்டக்கூடிய ஆதாரமும் ஆகும். பத்து வயது நிறைந்த குழந்தை தானே இயக்கும் சேமிப்புக் கணக்கைத் தொடங்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது; வரம்புகளை அந்தந்த வங்கி வைக்கும். விற்ற பணம் உங்கள் கணக்கில் கலக்காமல் அதில் போகட்டும். இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் 13 வயதுக்குக் கீழே கணக்கு வைக்க அனுமதிப்பதில்லை. பக்கம் வேண்டுமென்றால் அது உங்கள் பெயரில், உங்கள் பொறுப்பில் இருக்க வேண்டும். குழந்தையின் முகமும் பள்ளிச் சீருடையும் அதில் வர வேண்டாம் என்பது சட்டமன்று, என் வேண்டுகோள்.

மகளின் தந்தை

மிக்க நன்றி ஐயா. நிறுவனம் என்ற பேச்சை இப்போதைக்கு விட்டுவிடுகிறோம். வங்கிக் கணக்கு தொடங்குவோம். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். போன முறை நீல நிறத்தில் நிறையப் பின்னினாள். அவை விற்கவே இல்லை. போட்ட பணம் முடங்கிவிட்டது என்று வருத்தப்படுகிறாள். அவளுக்குத் தெரியாமல் அலுவலக நண்பர்கள் பெயரில் நானே அவற்றை வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறேன். செய்யலாமா?

பேரேடு

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள் ஐயா. பஃபெட் 1942 மார்ச்சில், ஆறு வயதிலிருந்து சேர்த்த 114 டாலர் 75 சென்டையும் போட்டு, சிட்டீஸ் சர்வீஸ் என்ற நிறுவனத்தின் முன்னுரிமைப் பங்குகள் மூன்றை வாங்கினார். அக்கா டோரிஸுக்கும் மூன்று வாங்கினார். ஏறத்தாழ 38 டாலருக்கு வாங்கிய பங்கு 27க்கு இறங்கியது. பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் அக்கா அதை நினைவூட்டிக்கொண்டே வந்தாராம். 40க்கு ஏறியதும், விட்டால் போதும் என்று விற்றுவிட்டார். அதன் பின் அது 200 டாலரைத் தாண்டியது. தந்தை பங்குத் தரகர்; அந்த நட்டத்தை அவரே ஈடுகட்டி, விலை இறங்கவில்லை என்று பிள்ளைகளை நம்ப வைத்திருந்தால், அடுத்தவர் பணத்தோடு பங்கு வாங்குவது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பது அந்தப் பையனுக்குத் தெரியாமலே போயிருக்கும். வர்ஜின் நிறுவனங்களைத் தொடங்கிய இங்கிலாந்தின் ரிச்சர்ட் பிரான்சன் சிறுவனாக இருந்தபோது நட்ட கிறிஸ்துமஸ் மரக்கன்றுகளை முயல்கள் தின்றுவிட்டன. அந்த நட்டத்தையும் யாரும் மறைக்கவில்லை.

நீல நிறப் பைகளை மகளிடமே விட்டுவிடுங்கள். யார் யார் பார்த்தார்கள், என்ன சொல்லிவிட்டு வாங்காமல் போனார்கள் என்று அவளிடம் கேளுங்கள். விலையைக் குறைப்பதா, நூலைப் பிரித்து வேறொன்று பின்னுவதா, அடுத்த கொலுவரை வைத்திருப்பதா என்று அவளே முடிவு செய்யட்டும். அடுத்த முறைக்கு நூல் வாங்கப் பணம் போதவில்லை என்றால் கடனாகக் கொடுங்கள். திருப்பித் தரும் தேதியை அவள் கையெழுத்தில் அந்த நோட்டிலேயே எழுதி வாங்குங்கள்.